அப்பாவின் தோளுக்குப் பின்னால் ஒரு புத்தகம்

கால் சுளுக்கி வீட்டோடு கிடக்கிறேன். பால்ரூம் நடன வகுப்பில் என்னோடு ஜோடியாக ஆடும் சேகர், "சும்மா படுத்திருக்காத லா, இதையாவது படி" என்று ஒரு பை நிறைய டான்ஸ் புத்தகங்களைப் என் பூச்சோங் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றைப் பிரித்ததும் பழைய தாளின் ஈர வாசம். பக்கமெங்கும் காலடிப் படங்கள்.

நான் வளர்ந்த கிள்ளான் வீட்டிலும் இப்படி ஒரு புத்தகம் இருந்தது. லோரி ஓட்டிய அப்பா, முதலாளி வீட்டு விருந்தில் ஜோடி ஜோடியாக வால்ட்ஸ் நடனம் ஆடியவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கியது. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, அம்மாவுக்கு வரும். அதனால் அம்மா அவர் கழுத்தைச் சுற்றிக் கைகளை நீட்டி, முதுகுக்குப் பின்னால் புத்தகத்தை விரித்துப் பிடித்து, வாசித்துக்கொண்டே ஆடுவாள். அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும். சிமெண்டுத் தரையில் அப்பாவின் வெறுங்கால் சரசரக்கும்.

"இடது கால முன்னால வைங்க. ஐயோ, என் கால் மேல இல்லங்க!"

"நீ வாசிச்சதத்தானே செஞ்சேன்?"

"சரி, நில்லுங்க. பக்கம் திருப்பணும்."

அம்மா அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு திருப்புவாள். ஒரு தாளைத் திருப்ப ஏன் அவ்வளவு நேரம் என்று அப்போது எனக்குப் புரிந்ததில்லை.

அப்பா போனபிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறாள். "இங்க குடு, பாக்கறேன்" என்று என் கையிலிருந்த சேகரின் புத்தகத்தை இப்போது வாங்கினாள். உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அப்பாவின் தோள் உயரத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.