கல்லு எவ்வளவு நேரம் வேகணும்?

காது மருந்துக் குப்பியிலிருந்து ஒரே ஒரு துளி வினிகரைக் கல்லின்மேல் விட்டுவிட்டு, மீன் தொட்டிகளுக்குக் கல் வைக்கும் கல்லுக்காரர் வலது காதை அதனருகே கொண்டுபோகிறார். நுரை வருகிறதா என்று மற்றவர்கள் கண்ணால் பார்ப்பார்கள், இவர் கேட்பார். எறும்பு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்தால் போதும், கல் வாசலுக்கு வெளியே போய் விழும். “சுண்ணாம்பு வச்சிருக்கே. தண்ணிய கெடுத்துருவே. போ அந்தப் பக்கம்!” என்று கல்லைத்தான் திட்டுவார், பொறுக்கி வந்த தன்னை அல்ல.

தப்பிய கல்லுக்கு அடுத்த பரீட்சை உண்டு. துருக்கோடு ஓடுகிறதா, எங்காவது மினுங்குகிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அதில் உலோகம் இருந்தால் மீனுக்கு எமன். பிறகு ஒரு பழைய நைலான் துணியால் தடவுவார். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே மீனின் செதிலும் மாட்டும் என்பது அவர் கணக்கு. கடைசியில் மூன்று வாரம் வாளித் தண்ணீரில் ஊற வேண்டும். முற்றத்தில் எப்போதும் ஒன்பது வாளிகள். அவற்றின் மூடியை மனைவி தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

முப்பத்தொரு மீன் தொட்டிகள் இவர் பொறுப்பில் இருக்கின்றன. கைவண்டியில் தண்ணீர் இழுத்துத் தொடங்கிய பிழைப்பு. “நான் படிச்சது அஞ்சாங்கிளாஸ். ஆனா கல்லுன்னு வந்துட்டா, பல்லு டாக்டரே என் முன்னால வாயைத் திறக்க மாட்டாரு” என்பார். அந்தப் பல் மருத்துவர் வீட்டுத் தொட்டிக்கும் இவர்தான் கல் வைத்தார்.

இத்தனை சவடால் பேசுகிறவர் இரண்டுக்கு நடுங்குவார். ஒன்று, தொலைபேசி. “மீனு ஒரு மாதிரி இருக்குங்க” என்று எந்த வீட்டிலிருந்து குரல் வருமோ என்று, அது அடிக்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டுதான் எடுப்பார். இன்னொன்று, கொதிக்கிற பாத்திரம். தட்டு கடகடத்தால் சமையலறைப் பக்கமே போகமாட்டார். மனைவி அடுப்பை அணைத்த பிறகுதான் அவரைச் சாப்பிடக் கூப்பிடுவாள். மூன்று வாரம் ஊறப்போடுவதற்குப் பதில் கல்லை ஒரு கொதி விட்டு எடுத்தால் என்ன என்று யாராவது கேட்டால் முகம் கறுத்துவிடும். “கல்லு என்ன கிழங்கா, வேகவைக்க?” என்று பேச்சை வெட்டிவிடுவார். காரணம் சொன்னதில்லை.

போன ஞாயிறு மதியம், புதிதாகத் தொட்டி வாங்கிய டீச்சர் வீட்டுக்கு ஏழு கற்கள் கொண்டுபோய்க் கொடுத்தார். வரி வரியாக அடுக்குப் பலகாரம் போலிருந்த பெரிய கல்லை எந்தப் பள்ளத்தில் இறங்கி எடுத்தார், எப்படிக் கால் வழுக்கியது என்று அரைமணி நேரம் அளந்தார். பொறுக்கி மூன்றே நாளான அந்தக் கல்லை அவசரத்தில் ஊறவைக்காமலே எடுத்துவந்ததைச் சொல்லவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பும்போதுதான், “எதுக்கும் ஒரு தடவை வெந்நி ஊத்திக் கழுவிடுங்க” என்றார். அவ்வளவுதான்.

வீடு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது.

“அண்ணே, டீச்சர் பேசறேன். கல்லு எவ்வளவு நேரம் வேகணும்?”

கல்லுக்காரர் தொலைபேசியைக் காதோடு அழுத்தினார். “வேகணுமா? எங்க வச்சிருக்கீங்க?”

“அடுப்புலதான். நீங்க ஊத்தச் சொன்னீங்க. கொதிக்கவே விட்டா இன்னும் சுத்தமாகும்னு இவர் சொன்னாரு. அரைமணி நேரமாச்சு. தண்ணி வத்திக்கிட்டே வருது.”

“உப்பு போடணுமான்னு கேளு!” பின்னாலிருந்து அவள் கணவன் கத்துவது கேட்டது. வங்கியில் வேலை, வாய் சும்மா இருக்காது. பாத்திரத்துக்குள் கரண்டி கல்லில் இடிக்கும் சத்தமும் கேட்டது.

“சாரை வெளிய வரச் சொல்லுங்க. இப்பவே! பச்சத்தண்ணி ஊத்திடாதீங்க. சிலிண்டர் எங்க இருக்கு?”

“பால்கனியில.”

“அங்கயே மூடுங்க. அடுப்புப் பக்கம் போகாதீங்க.”

“என்ன கல்லுக்காரரே, கல்லு குடுத்தீங்களா குண்டு குடுத்தீங்களா?” இப்போது கணவனே தொலைபேசியை வாங்கியிருந்தான். சிரிப்பு அடங்கவில்லை. “நீங்க வந்தாதான் வெளிய வருவேன். கஞ்சி பதத்துக்கு வந்துருச்சு.”

கல்லுக்காரர் திரும்பிப் பார்த்தார். மனைவி கதவருகே நின்றிருந்தாள். பதினான்கு வருஷமாக ஊருக்குச் சொல்லிவந்த பொய் நினைவுக்கு வந்தது. இன்னும் அதையே காப்பாற்றினால் அங்கே ஒருவனுடைய முகம் போய்விடும்.

“சார், என் வீட்டுக்காரிக்கு இடது கண்ணு தெரியாது. பொறந்ததுலேருந்தே அப்படித்தான்னு உங்ககிட்டயும் சொன்னேன். பொய். நான் அடுப்புல வேகவச்ச கல்லு வெடிச்சுப் போன கண்ணு அது. உள்ள ஈரம் இருந்திருக்கு, எனக்குத் தெரியல. தண்ணி வத்திருச்சான்னு பார்க்க அவ போனா. நான்தான் பார்க்கச் சொன்னேன். வெளிய வாங்க சார், உங்க கால்ல விழறேன்.”

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. செருப்பு இழுபடும் சத்தம். ஒரு கதவு. டீச்சர் எதையோ திருகி மூடும் கிறீச். பிறகு, தூரத்தில் ஒரு ‘டப்’.

“அண்ணே...” டீச்சர் மறுபடி தொலைபேசிக்கு வந்தாள். “உள்ள என்னமோ வெடிச்சுது.”

“சார் எங்க?”

“இங்கதான், என் பக்கத்துலதான் இருக்காரு. ஒண்ணும் ஆகல.”

மனைவி தலைக்கவசத்தை எடுத்துவந்து அவர் கையில் திணித்தாள். “போங்க. இனிமேலாவது மொத வார்த்தையா இதைச் சொல்லுங்க, பள்ளத்துல எறங்கின கதைய அப்புறம் சொல்லலாம்.”

டீச்சரும் கணவனும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப்போய், தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, சமையலறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார். முக்கால் மணி நேரம். பாத்திரம் முழுக்க ஆறட்டும் என்று யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு தனியாகப் போய் நீளக் கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்தார். ஆறு கற்கள் முழுசாக இருந்தன. வரிக்கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதன் சில்லு ஒன்று எதிர்ச்சுவரின் பூச்சைப் பெயர்த்துவிட்டுத் தரையில் கிடந்தது. பெயர்ந்த இடம் சரியாக ஓர் ஆள் முக உயரம்.

கணவன் பின்னால் வந்து அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, “அண்ணே, நான் சும்மா தமாஷுக்கு...” என்று ஆரம்பித்தான்.

கல்லுக்காரர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். ஈரக்கையைச் சட்டையில் துடைத்தார். அவன் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, முதலில் ஒரு கண்ணை, பிறகு மறு கண்ணை, இமையை விலக்கி உள்ளே பார்த்தார்.