செங்கமலத்தின் பச்சைத் திராட்சை

சேரப்பணஞ்சேரியில் செங்கமலத்துக்கு ஒரு பெருமை உண்டென்றால், அது வாசல் பந்தலில் படர்ந்த பச்சைத் திராட்சைதான். ஓசூர்ப் பக்கம் லாரி ஓட்டிய தம்பி கொண்டுவந்து கொடுத்த குச்சி அது. மற்ற வீடுகளில் இருந்ததெல்லாம் கொட்டையுள்ள கறுப்புத் திராட்சை.

கொடியைக் கேட்டு வாங்கி வைத்தால் வராது, திருடி வைத்தால்தான் வரும் என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் திடமான நம்பிக்கை. வருகிறவர்கள் ஆளுக்கொரு குச்சியை ஒடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். இவளும் பார்க்காதவள்போல உள்ளே போய்விடுவாள். பார்த்துவிட்டால் அவர்களுக்குக் கொடி வராதே! நல்ல மனசுதான், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. மகள் அம்சவல்லியைச் சிங்கப்பெருமாள் கோவிலில் கட்டிக்கொடுத்தபோது சம்பந்தி காந்திமதி ஒடித்ததையும் அவள் அப்படித்தான் பார்க்கவில்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் வினை வந்தது. திருடிய குச்சிகள், காந்திமதி வீடு உட்பட, எல்லா வீட்டிலும் நன்றாகவே துளிர்த்தன. ஆனால் பக்கத்தில் இருந்த பழைய கறுப்புக் கொடிகள் இலை சிவந்து, ஓரம் சுருண்டு, காய் பழுக்காமல் நின்றுவிட்டன. செங்கமலத்தின் கொடி மட்டும் காய்த்துக் குலுங்கியது. ஊர் சும்மா இருக்குமா? வயிறெரிந்து சாபம் விட்டிருக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது. பேசியவர்கள் யாரென்றால், திருடியவர்கள்தான்.

அம்சவல்லிக்கு அப்போது ஏழாம் மாதம். விசாரிக்கப் போன செங்கமலத்திடம் காந்திமதி முகத்துக்கு நேரே சொன்னாள்.

"உங்க வூட்ல இன்னாவோ கீது, சம்பந்தி. தலப்பிரசவத்துக்கு அங்க அனுப்ப எனக்கு மனசு வரல."

தாயில்லாமல் வளர்ந்தவள் செங்கமலம். அம்சவல்லியைப் பெற்றபோது கையைப் பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் கிடந்தவள். மகளுக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் நினைப்பெல்லாம்.

பயிர் விஷயத்தில் யோசனை சொல்லும் கிராம சேவக் தணிகாசலத்தைக் கூட்டிவந்து கொடியைக் காட்டினாள். அவர் நாலு வீட்டுக் கொடிகளையும் பார்த்துவிட்டு வந்து, இது சாபமில்லை, வைரஸ் நோய் என்றார். பச்சை ரகம் நோயை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே காட்டாதாம், கறுப்பு ரகம் காட்டிவிடுமாம். குச்சியோடு போன நோயை மாவுப்பூச்சி பக்கத்துக் கொடிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்குமாம். ஊரிலுள்ள பச்சையெல்லாம் இவளுடைய ஒரே கொடியின் பிள்ளைகள் என்பதால் எல்லாவற்றிலும் அது இருக்குமாம். மருந்தும் கிடையாதாம்.

"அப்போ தப்பு எம்மேலதானா, சார்?"

"தப்பு யார் மேலயும் இல்லம்மா. ஆனா கொடிய வேரோட எடுத்துடணும்."

செங்கமலத்துக்கு நம்ப முடியவில்லை. வாடிய கொடியில் நோய் என்றால் சரி, நன்றாயிருக்கிற கொடியிலா? சாபமில்லை என்று சம்பந்தியிடம் சொல்லலாம். சொல்லப்போனால், நீங்கள் ஒடித்த குச்சியில்தான் நோய் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். சம்பந்தியைத் திருடி என்று சொல்லிவிட்டு மகளை எந்த முகத்தோடு கூப்பிடுவது? கொடியை வெட்டினால் சாபத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். வெட்டாவிட்டால் மகள் வரமாட்டாள். யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடாமல், கடைசியில் வெட்டியே விட்டாள். வேரைத் தோண்டி எரித்தபோது வாய்விட்டு அழுதாள்.

சாபக் கொடி ஒழிந்தது என்று காந்திமதிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வளைகாப்பு முடிந்ததும் மருமகளைத் தானே கூட்டிவந்து விட்டாள். கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு குச்சி.

"பந்தல் காலியா கீதுன்னாங்க, மனசு கேக்கல. எங்க வூட்டுப் பச்சை இது. கொயந்தைய பாக்க நான் வரசொல்ல துளுத்திருக்கணும்."

எங்கள் வீட்டுப் பச்சையாம்! வெட்டி எரித்த கொடியின் பிள்ளையே நோயோடு திரும்பி வந்திருந்தது. செங்கமலம் வாங்கிக்கொண்டாள், வேறென்ன செய்வாள்? சம்பந்தி கைகழுவப் போன நேரம் பார்த்து, குச்சியைத் தலைகீழாக மண்ணில் செருகினாள். தானாகக் காய்ந்து போகட்டும், யார்மேலும் பழி வராது என்று நினைத்தாள். ஊர் பார்க்கத் தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றினாள்.

அம்சவல்லி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணைப் பெற்றாள். பேத்தியைப் பார்க்க வந்த காந்திமதி முதலில் பந்தலடிக்குத்தான் போனாள். தலைகீழ்க் குச்சியில் இரண்டு பச்சை இலைகள் விரிந்திருந்தன.

"உங்க கைராசி யாருக்கு வரும், சம்பந்தி?" என்றாள்.

பேத்தியை மடியில் வைத்திருந்த செங்கமலம், குச்சியைப் பிடுங்குவதா, தண்ணீர் ஊற்றுவதா என்று தெரியாமல் அந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.