ஓங்கிலுக்குக் கழிவு கிடையாது

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. திருச்சுழியில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அருப்புக்கோட்டை மிளகாய் வத்தல் மண்டி அண்ணாச்சி வந்து, "முத்தையா, என் தம்பி தங்கவேலு போயிட்டாம்ப்பா" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "மெலிஞ்சிருந்தானா அண்ணாச்சி?" அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துக்கம் கேட்கிற முறையா இது? ஆனால் அது தங்கவேலுவின் கேள்வி. அவனோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் வகுப்புவரை நாங்கள் ஒரே பெஞ்சு. நான் அங்கேயே இறங்கிக்கொண்டேன்; அவன் கடல்வரைக்கும் போனான். கரை ஒதுங்கும் திமிங்கிலத்தையும், ஓங்கில் என்கிற டால்பினையும் அளந்து, அது நோயில் செத்ததா, நன்றாக இருந்து செத்ததா என்று கண்டுபிடிக்கிற அரசாங்க உத்தியோகம். "தண்ணியில்லாத ஊர்ல பொறந்துட்டு, திமிங்கிலத்துக்குச் சட்டை தைக்கப் போயிட்டியேலே" என்பேன். "மிச்சத் துணியில ஒனக்கும் ஒண்ணு தைக்கிறேன்" என்பான்.

"செத்த பிராணிகிட்ட மொதல்ல கேக்க வேண்டியது, சாப்பிட்டியாங்கிறதுதான்." இது அவன் அடிக்கடி சொன்னது. பிடரியில் பள்ளம் விழுந்திருந்தால் பட்டினி என்று அர்த்தமாம். ஒருநாள் டீக்கடையில் என் பிடரியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ எந்தக் கடல்லயும் பொழச்சுக்குவலே" என்றான்.

அவனுடைய துணி டேப்பில் முதல் ஓரடி திமிங்கில எண்ணெய் ஊறி இற்றுப்போக, அதை வெட்டி எறிந்துவிட்டான். புது டேப் வாங்கவில்லை; மிச்ச டேப் ஓரடியிலிருந்துதான் தொடங்கும். எதை அளந்தாலும், "ஓரடி கழிச்சுக்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கரையில் ஓங்கில்கள் அடுத்தடுத்துச் செத்து ஒதுங்கின. கடலில் நோய் வந்துவிட்டது என்று பேச்சுக் கிளம்பி, மீன் வாங்க ஆளில்லை. வலைக்காரர் வீடுகளில் உலை வைக்கவில்லை. தங்கவேலு சொல்லப்போகிற ஒரு வார்த்தைக்காக அந்தக் கரையே காத்திருந்தது. நீளமும் சுற்றளவும் எடுத்துவிட்டான். வெட்டாத முழு உடம்பின் எடை வேண்டும். பக்கத்து எடைமேடைகளில், நாறுகிறது என்று விரட்டிவிட்டார்கள். வத்தல் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய என் லாரியில், ஓங்கிலை ஈரச்சாக்கில் சுற்றி அண்ணாச்சி மண்டிக்கே கொண்டுவந்தோம்.

எடை போடும் கருப்பையா மூக்கைக் கட்டிக்கொண்டு நிறுத்து, எடையைச் சொன்னார். தங்கவேலுவின் முகம் விழுந்துவிட்டது. அந்த உடம்புக்கு அது குறைந்த எடை. நோய் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆனால் அவன் சொல்லவில்லை. பிடரியை மறுபடி மறுபடி தடவினான். "டேப்பு கொழுப்புங்குது, தராசு மெலிவுங்குது. ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு தெரியாம நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

"டேப்புல ஓரடி கழிச்சியாலே?" என்றேன்.

"கழிச்சேன்."

"நானும் கழிச்சுட்டேங்க" என்றார் கருப்பையா.

"நீரு எதைய்யா கழிச்சீரு?" என்றான் தங்கவேலு.

"சாக்கு, ஈரம், காம்பு. வத்தலுக்கு வழக்கமாக் கழிக்கிறதுதானே சின்ன மொதலாளி."

"ஓங்கிலுக்கு ஏதுய்யா காம்பு?"

"மண்டிக்குள்ள எது வந்தாலும் கழிவு உண்டுங்க."

"ஓங்கிலுக்குக் கழிவு கிடையாது, முழுசாப் போடும்" என்று அண்ணாச்சி உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

சாக்கை உருவிவிட்டு மறுபடி நிறுத்தார்கள். எடை சரியாக வந்தது. வெட்டிப் பார்த்தபோது வயிறு நிறைய மீன். உடம்பில், ஒதுங்கிய மற்றவற்றில் அவன் பார்த்திருந்த அதே வலைத் தழும்பு. "நல்லாத் தின்னுருக்கு. வலையில மாட்டி, மூச்சு வாங்க மேல வரமுடியாமச் செத்துருக்கு" என்றான். அடுத்த பஸ்ஸிலேயே கரைக்குப் போய் அதைச் சொன்னான். மீன் விற்றது. நாற்றத்தில் அண்ணாச்சிக்குத்தான் கொஞ்ச நாள் வத்தல் விற்கவில்லை.

காரியத்துக்கு முதல் நாள் அண்ணாச்சி அந்த டேப்பை என்னிடம் கொடுத்தார். அன்று சொல்லாத பதிலையும் சொன்னார்: "மெலிஞ்சுதாம்ப்பா இருந்தான். பிடரியில பள்ளம் விழுந்துருச்சு. கடைசியில கஞ்சிகூட எறங்கலை."

அந்த டேப்பும் அவன் கேள்வியும் இனி என்னோடு. உயிரோடு இருக்கிறவர்களிடமும் இப்போது, சாப்பிட்டியா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அவன் படத்துக்கு மாலை கட்ட அந்த டேப்பாலேயே அளந்து பூக்கடையில் சொன்னேன். ஓரடி கழிக்கவில்லை. மாலை படத்தைத் தாண்டித் தரையில் கிடந்தது. எல்லோரும் கண்மூடி நின்றபோது வெள்ளாடு ஒன்று வந்து, தரையில் கிடந்ததைத் தின்றுவிட்டுப் போனது. பிறகு பார்த்தால், மாலை அளவாக இருந்தது.