பிரைவசிக்கு இரண்டு மீட்டர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள்தான்: பஸ், டிக்கெட், மிக்ஸி. அதனால் மருமகள் வந்த புதிதில், "அத்த, எனக்குக் கொஞ்சம் பிரைவசி வேணும்" என்று அறைத் திரையை இழுத்துவிட்டபோது, திரைக்குத்தான் அந்தப் பெயர் என்று எடுத்துக்கொண்டேன். கேட்கவும் வெட்கம். மாமல்லபுரம் ஜவுளிக்கடையில் போய், "பிரைவசிக்கு ரெண்டு மீட்டர் குடுப்பா, பூப்போட்டதா" என்றேன்.

"அது நம்ம கடையில ஸ்டாக் இல்லம்மா" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அது துணி இல்ல அத்த. நம்ம விஷயத்துல அடுத்தவங்க மூக்க நுழைக்காம இருக்கறது."

"அப்படி ஒண்ணு நம்ம தெருவுல கெடையாதேம்மா."

உண்மைதான். எங்கள் தெருவில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால், டாக்டரிடம் கூடவே ஆள் போகும். நோய்க்காரி வாயே திறக்க வேண்டாம். கூட வந்தவர்களே சொல்லிவிடுவார்கள். எனக்காகச் சொல்கிறவர் என் நாத்தனார்.

அவருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. இருமினாலும் தும்மினாலும் எனக்குச் சிறுநீர் கசிந்துவிடும். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம், கோயில் எல்லாவற்றையும் முட்டி வலி என்று தட்டிக் கழித்தேன். சிரிப்பைக்கூட அளந்துதான் சிரித்தேன். ஒருவழியாகத் துணிந்து, செங்கல்பட்டில் ஒரு லேடி டாக்டரைப் பார்க்கக் கிளம்பினால், ஆட்டோவில் எனக்கு முன்னாலேயே நாத்தனார் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

"என்னம்மா பண்ணுது?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

"முட்டி வலி டாக்டரம்மா. ரெண்டு வருசமா சொல்லிகினே கீறா" என்றார் நாத்தனார்.

இப்போதும் விட்டால் முட்டிக்கு மாத்திரைதான். தலைப்பைத் திருகிக்கொண்டே, "டாக்டரம்மா, எனக்குக் கொஞ்சம் பிரைவசி வேணும்" என்றேன். எனக்கே கேட்காத குரல். டாக்டருக்குக் கேட்டுவிட்டது. நாத்தனாரை வெளியே இருக்கச் சொன்னார்.

"இன்னாமே, நானு வேத்தாளா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

சொல்லிவிட்டேன். டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. நிறையப் பேருக்கு இருக்கிறதாம். பயிற்சி சொல்லிக்கொடுத்தார். வெளியே வந்து, "போலாமா அண்ணி?" என்றேன்.

"நீ இங்கயே குந்து. வந்தது வந்துட்டேன், நானும் ஒரு வார்த்த கேட்டுகினு வரேன்."

உள்ளே போய்க் கதவை அவரே சாத்தினார். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை அழுத்தியும் பார்த்தார்.

திரும்பும்போது திருக்கழுக்குன்றம் வருவதற்குள் நாத்தனார் தும்மினார். உடனே ஆட்டோக்காரரிடம், "நைனா, அந்த பெட்ரோல் பங்குல கொஞ்சம் நிறுத்து" என்றார்.

'இன்னா அண்ணி?' என்று நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அவசரம்தான். அவர் வந்து உட்காரும்வரை பல்லைக் கடித்துப் பொறுத்திருந்து, அப்புறம் இறங்கினேன்.

அவரும் ஒன்றும் கேட்கவில்லை. மலையைப் பார்த்தார்.