முன்விலை என்றொரு சொல்

தங்கச் சுரங்க நிறுவனத்தின் பங்குதாரர் பிரிவில் அவளுக்குக் 'காற்புள்ளி' என்று பெயர். ஆண்டறிக்கையின் தமிழ்ப் படியை அவள்தான் எழுதி அச்சுக்கு அனுப்புவாள். அதில் ஒரு குறி இடம் மாறினாலும் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. அவள் கணவர் அதே நிறுவனத்தின் சுரங்கத்தில் ஊற்றுநீரை இறைத்து மேலேற்றும் பம்புகளைப் பார்த்துக்கொள்பவர்.

அந்த ஆண்டு தங்கத்தின் விலை ஏணி வைத்து ஏறியது. நிறுவனத்தின் பங்கு மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. இன்னும் தோண்டியெடுக்காத தங்கத்தையும் நிர்வாகம் ஒரு நிலையான விலைக்கு வங்கியிடம் விற்றுவைத்திருந்ததே காரணம். புதிய குழிக்குக் கடன் கொடுத்த வங்கி கேட்ட பாதுகாப்பு அது. அதை முறித்தால் கடன் நிற்கும், குழிவேலை நிற்கும். பழைய குழியில் எடுப்பதற்கோ அதிகம் மிச்சமில்லை. கணவரின் வேலை அந்த ஒப்பந்தத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை முறிக்கச் சொல்லிப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறவர், மருந்துக்கடை வைத்திருக்கும் அவளுடைய சொந்த அண்ணன்.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறன்று அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"தங்கம் ஏறும்னு நம்பித்தாம்மா இதுல பணம் போட்டேன். ஏறுறதையெல்லாம் வங்கிக்கு எழுதிக் குடுத்துட்டா, நான் ஒரு சோப்பு கம்பெனியிலயே போட்டிருக்கலாமே! மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க."

"நான் எதுக்கு மச்சான் கோவிச்சுக்கிறேன்?" என்றார் கணவர். "கீழ தண்ணி ஏறாம பார்த்துக்கவே எனக்கு நேரம் சரியா இருக்கு. மேல விலை ஏறுறதை நீங்க பார்த்துக்கங்க."

"இறங்கினா என்ன அண்ணே பண்ணுவீங்க?" என்று அவள் கேட்டாள்.

"இறங்கினா என் தலையெழுத்து. ஆனா பழைய விலைக்கே விக்கிறாங்களே, அதுதான் வயித்தெரிச்சல். வங்கிக்காரன் என்ன இவங்களுக்குச் சம்பந்தியா?"

"பழைய விலைன்னு யார் சொன்னா?"

"ஆண்டறிக்கையில நீதானே எழுதியிருக்கே! 'முன்விலைக்கு விற்கப்படும்'னு. அதைப் படிச்சுட்டுத்தான் எங்க ஆளுங்க கொதிச்சுப்போயிருக்காங்க."

அவள் கையிலிருந்த தம்ளரை மேசைமேல் வைத்தாள். முன்பணத்தில் வரும் 'முன்' வரவிருப்பதைப் பார்க்கிறது. முன்னாளில் வரும் 'முன்' கழிந்ததைப் பார்க்கிறது. குறிகளையெல்லாம் காவல் காத்தவள், சொல்லைக் கோட்டைவிட்டிருந்தாள்.

"முன்கூட்டியே பேசி வச்ச விலை அண்ணே. பேசின அன்னிக்குச் சந்தையில இருந்ததைவிடக் கூடுதல்தான்."

அண்ணன் தலையாட்டினார். "எனக்குச் சொல்லிட்டே. மண்டபம் நிறைய உட்காரப்போறவங்களுக்கு யார் சொல்றது?"

கூட்டத்தன்று அவளே சொன்னாள். தலைவரிடம் அனுமதி கேட்டு, ஒலிவாங்கியின் முன் நின்று, சொல் தன்னுடையது, தவறும் தன்னுடையது என்று தொடங்கி விளக்கினாள்.

"அடுத்த வருஷம் அகராதியையும் சேர்த்தே அனுப்புங்கம்மா!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுக்க, மண்டபமே சிரித்தது. சிரித்த கூட்டத்துக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது.

அண்ணன் எழுந்தார். ஏற்றத்தில் பங்கு கேட்பது தம் உரிமை என்பதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் தீர்மானத்தைத் திருத்தினார்: இப்போதைய ஒப்பந்தம் புதிய குழி முடியும்வரை இருக்கட்டும், அதற்குப் பின் எடுக்கும் தங்கத்தில் பெரும்பகுதி சந்தை விலைக்கே போகட்டும். முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், தூக்கிய கைகளே அதிகம்.

வாசலில் அண்ணன் அவளைப் பிடித்துக்கொண்டார். "என் தீர்மானத்தையே அரைப்புள்ளியில நிறுத்திட்டியே!"

"முற்றுப்புள்ளி வைக்கலையே, சந்தோஷப்படுங்க."

கணவர் பகல் முறை வேலைக்கு ஏற்கெனவே சுரங்கத்துக்குள் இறங்கியிருந்தார். அவள் பிரிவுக்குத் திரும்பி, அடுத்த அறிக்கைக்கான தாளில் 'முன்விலை'யை அடித்து, 'முன்கூட்டிப் பேசிய விலை' என்று எழுதினாள். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.