கிறிஸ்துதாஸ் மாமா மேடையில் சொன்னது

கம்பெனிக்கு இருநூறு வயதாம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். தோஹா கிளையில் ரொம்ப வருஷமாக வேலை பார்ப்பவரைப் பற்றி நான் அரைப் பக்கம் எழுதித் தர வேண்டுமாம், மனதைத் தொடுகிற மாதிரி. ‘கடின உழைப்பாளி, முகம் சுளிக்காதவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் குப்பை வழவழத் தாளில் அச்சாகியும் வந்துவிட்டது. அதில் எழுதாததை இங்கே எழுதுகிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வாய் கொப்பளிக்க வேண்டியிருக்கும்.

அவர் பெயர் கிறிஸ்துதாஸ். குளச்சலுக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர். கப்பலில் வேலை என்று ஏஜெண்ட் சொன்னதை நம்பி வந்து, விசா கொடுத்த அரபு முதலாளியான ஒரு கஃபீலின் மீன்பிடிப் படகில் மூன்று வருஷம் வலை இழுத்தார். கஃபீல் படகை விற்றுவிட்டு ‘கலாஸ், முடிந்தது, ஊருக்குப் போ’ என்றபோது, எங்கள் கம்பெனியில் ஆபீஸ் பாயாகச் சேர்ந்தார். இப்போது ஐம்பத்தெட்டு வயது. இன்னமும் ‘பாய்’தான். சாயா போடுவார், ஃபைல் ரூமைப் பார்த்துக்கொள்வார். நான் இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பிரிவில் கிளார்க். பக்கத்து ஊர்க்காரி என்பதால் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கு நான் ‘மக்களே’, எனக்கு அவர் ‘மாமா’. ஆபீஸில் என்னை மனுஷியாகக் கூப்பிட்டது அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமைகளில் தோஹாவின் நஜ்மா பகுதியில் ஒரு சாயாக்கடையில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. சோலைமுத்து, பரமக்குடிப் பக்கம், சைட்டில் சாரம் கட்டுகிறவர். ஊர் வேறு, சாமி வேறு, ஆனாலும் ஒரே தட்டில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவார்கள்.

தொழிலாளர்களைத் தங்கவைக்கும் கேம்புகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. ரூமில் ஒருவன் காய்ச்சலில் படுத்தால், அன்று லீவில் இருக்கிற இன்னொருவன் அவன் கார்டை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விடுவான். இல்லாவிட்டால் படுத்தவனுக்கு ஒரு நாளுக்கு இரண்டு நாள் சம்பளம் வெட்டு. சூப்பர்வைசருக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும், கண்டுகொள்ள மாட்டான். ரூம்மேட் அன்பரசன் காய்ச்சலில் கிடந்தபோது, சோலைமுத்து தன் லீவு நாளில் அவன் கார்டோடு போனார். ஏழாவது மாடியில் சாரம் சரிந்தது.

அந்த சைட் ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் எங்கள் கம்பெனிதான். காண்ட்ராக்டர் தன் தலை தப்பினால் போதும் என்று, சோலைமுத்து தன் டூட்டியில்தான் இருந்தார் என ரிப்போர்ட் எழுதி எங்களுக்கு அனுப்பினான். ஃபைல் என் மேஜைக்கு வந்தது. ஒரு குறையும் இல்லை. மேனேஜர் கையெழுத்துப் போட்டால், ஊரில் அவர் மனைவி நாகவள்ளியும் இரண்டு பெண் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்வார்கள்.

சாயா கொண்டுவந்த மாமா ஃபைலில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்துவிட்டார். கண் கலங்கிவிட்டது.

“மக்களே, இவன் நம்ம ஆளாக்கும். அன்னைக்கு அவனுக்கு டூட்டியே கிடையாது, கேட்டியா? ரூம்ல கிடந்தவனுக்குச் சம்பளத்த வெட்டுவானுவோன்னு இவன் போனான். இப்பிடி ஒருத்தன எங்கயாவது பாத்திருக்கியா நீ?”

“இத எழுதி உள்ள வைக்கட்டா மாமா? சார் படிச்சா மனசு இளகும்.”

“எழுது மக்களே. தங்கமான மனுசன்னு எழுது.”

எழுதினேன். மடச்சி! இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஆறு வருஷம் குப்பை கொட்டியும், நல்லது செய்தவனுக்கு நல்லது நடக்கும் என்று நம்பியிருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்குமே அது குற்றமாகத் தோன்றவில்லை. அந்தக் கேம்பில் யாருக்குமே தோன்றியிருக்காது.

மேனேஜர் ஜெயசீலனும் தமிழன்தான். படித்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“சூப்பர் லிஜி, நல்லவேளை கண்டுபிடிச்சீங்க. அடுத்தவன் கார்டுல உள்ள போயிருக்கான். பாலிசிப்படி அவன் டூட்டியிலேயே இல்ல. கிளெய்ம் கிடையாதுன்னு லெட்டர் போட்டுடுங்க.”

“சார், அந்தம்மாவுக்கு ரெண்டு...”

“யாருக்குத்தான் இல்ல?”

அந்த லெட்டரை நான்தான் டைப் செய்தேன். ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று ஆரம்பிக்கும். அந்த மாதம் சிறந்த ஊழியர் என்று என் பெயரை எல்லோருக்கும் மெயிலில் போட்டார்கள். அன்பரசனை ஊருக்கு விரட்டிவிட்டார்கள். மாமா நஜ்மாவுக்குப் போவதையே விட்டுவிட்டார். “நான்லா மக்களே வாயக் குடுத்துக் கெடுத்தேன்” என்று ஒரு நாள் சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிறகுதான் இந்த இருநூறாவது ஆண்டு விழா வந்தது. ஹோட்டல் ஹாலில் கம்பெனியின் வரலாற்றைப் பெரிய பெரிய பலகைகளாக மாட்ட வேண்டும். சுமப்பதற்கு மாமா, சரிபார்ப்பதற்கு நான். துறைமுகத்தில் ஒரு காபிக் கடையில் ஆறு வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்தார்களாம். பஞ்சு, சர்க்கரை, சாராயம் என்று எல்லாக் கப்பலையும் இன்ஷூர் செய்தார்களாம். ‘தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற கப்பல்கள்’ என்று ஒரு வரி, ரோஜாப்பூ ஓரம் போட்டு. நம்மூர்க் கூலிகளை அடைத்துக்கொண்டு போன கப்பல்கள்தான். கப்பல் கட்டைக்குக் காப்பீடு இருந்தது, உள்ளே கிடந்தவர்களுக்கு இல்லை.

ஆறாவது பலகையில் ஓர் ஓவியம். கறுப்பு உடுப்பில் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள்.

“இதுல என்னவாம் மக்களே?”

வாசித்துச் சொன்னேன். 1838-இல் ஒரு கப்பல் மூழ்கியது. ஒரு மாலுமிக்குக் காய்ச்சல் என்று அவனுக்குப் பதில் ஏறிய சிநேகிதன் செத்தான். அவன் பெயர் பட்டியலில் இல்லை. ‘கடல் பட்டியல் பார்த்தா ஆளை விழுங்குகிறது?’ என்று கேட்டுவிட்டு, கம்பெனியை ஆரம்பித்த ஆறு பேரில் ஒருவர் அந்த விதவைக்கு முழுத் தொகையையும் கொடுத்தார். ‘அன்றிலிருந்து நாங்கள் காகிதத்தைப் பார்ப்பதில்லை, மனிதனைப் பார்க்கிறோம்’ என்று முடித்திருந்தார்கள்.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில். தூ!

மாமாவுக்கு அருவருப்பு வரவில்லை. முகம் பிரகாசமாகிவிட்டது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“அப்போ பெரிய சாருக்கு இது தெரியாதாக்கும். தெரிஞ்சா குடுத்திருவாரு. இத்தன வருசம் வேல பாத்ததுக்கு விழாவுல எனக்கு வாச்சு தரப்போறாவல்லா? அப்போ மைக்குல நான் சொல்லுதேன். நீ இங்கிலீசுல சொல்லிரு. என்ன?”

“சரி மாமா” என்றேன்.

விழாவில் தலைமை ஆபீஸிலிருந்து வந்த சேர்மன் அவருக்கு வாட்ச் கட்டிவிட்டார். மைக் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். மாமா நிதானமாகச் சொன்னார்:

“சாரே, அந்தப் படத்துல உள்ள பொம்பளைக்குக் குடுத்தியளே, அதே மாதிரி நாகவள்ளின்னு ஒருத்தி இருக்கா. அவளுக்க மாப்பிள்ளையும் காய்ச்சக்காரனுக்குப் பதிலா போய்த்தான் செத்தான். ஃபைல் மூணாம் அலமாரில இருக்கு. நான் இப்பமே எடுத்துத் தாறேன். எனக்கு வாச்சு வேண்டாம்.”

சேர்மன் சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். முன்வரிசையில் ஜெயசீலன் சிரிக்கவில்லை. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் விசாவைப் புதுப்பிக்கிற தாள் கையெழுத்துக்காக அவர் மேஜையில் கிடந்தது.

‘கம்பெனிக்கு ரொம்ப நன்றி, இது தன் குடும்பம் மாதிரி என்கிறார்’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஹாலே கை தட்டியது. சேர்மன் மாமாவைக் கட்டிப் பிடித்தார். அவருடைய தோளுக்கு மேலாக மாமா என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் அவர்கள் நடுவில் சாயா தூக்கியவருக்கு, ‘தேங்க் யூ’ என்றால் என்னவென்றுகூடவா தெரியாது?

மறுநாள் காலை ஏழரைக்கு, வழக்கம்போல என் மேஜைக்குச் சாயா வந்தது. அதே கண்ணாடி கிளாஸ், அதே அளவு சீனி. கையில் வாட்ச் இல்லை.

“சாயா, மேடம்” என்றார்.