சிங்கப்பூருக்கு எத்தனை சோடி?

"கப்பலுக்குப் போறவன் கால்வாசி கொண்டு போ, கலியாணத்துக்குப் போறவன்..." என்று என் அம்மான் ஒருவர் சொல்லுவார். கலியாணத்துக்குப் போகிறவன் என்ன செய்யவேண்டும் என்பது எனக்கு மறந்துபோயிற்று. கப்பலுக்குக் கால்வாசிதானா, முக்கால்வாசியா என்பதும் இப்போது நிச்சயமில்லை. இந்த அறிவோடுதான் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் கந்தோரில், பிரயாணிகளின் பெட்டிகளைப் பார்க்கிற மேசையில் ஆறு வருஷமாக இருக்கிறேன். ரிக்கற் மேசையில் சனம் கேட்பது ஒரு கேள்வி: கப்பல் எப்போது? பெட்டி மேசையில் கேட்பதும் ஒரே கேள்விதான்: எத்தனை உடுப்புக் கொண்டு போகலாம்? முதற் கேள்விக்கு மறுமொழி சுவரில் தொங்குகிறது. இரண்டாவதற்கு எங்கே தொங்குகிறது என்று தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள். பெட்டி பூட்டுப்படாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

போன வருஷம் எங்கள் கந்தோர் ஒரு புதுமை செய்தது. வேலைக்கும் இல்லை, யாத்திரைக்கும் இல்லை. சும்மா கப்பலேறி, பினாங்கு, சிங்கப்பூர் பார்த்துவிட்டு இருபத்துநாலாம் நாள் கொழும்பில் வந்து இறங்குகிற உல்லாசப் பயணம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்ச் சனம் கொஞ்சப் பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்களோடு தமிழ் தெரிந்த ஒருவர் போகவேண்டும் என்று என்னைப் பிடித்தார்கள்.

வீட்டில் பூரணத்துக்குச் சொன்னேன். இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எங்களுக்குக் கலியாணம் முடிந்து நாற்பதாம் நாள் நான் மலாயாவுக்குக் கப்பலேறினவன். "ஆறு மாதம், பார்த்துவிட்டு வருகிறேன்" என்றேன். பதினொரு வருஷம் நின்றேன். இடையில் இரண்டு தரம் லீவில் வந்தேன். கடைசியில் அங்கே ஆட்குறைப்பு வந்து, அவர்களாக அனுப்பித்தான் வீடு வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு நான் கப்பலில் கால் வைக்கப்போவது இதுதான் முதல் தரம். அவளையும் கூட்டிப்போகலாம் என்றால், களனிப் பாலத்தில் பஸ் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு முருங்கைக்காய் வெட்டிக்கொண்டே சொன்னாள்: "இருபத்துநாலு நாளோ? நீங்கள் பெட்டியை அடுக்குங்கோ. பெட்டியைப் பாத்து நான் சொல்லுறன், எத்தினை நாளெண்டு."

சோடி

என்னென்ன உடுப்புக் கொண்டுவர வேண்டும் என்று பெரிய கிளாக்கர் இங்கிலிஷில் ஒரு பட்டியல் எழுதினார். தமிழில் போடுவது என் பொறுப்பு. இரண்டு பாஷையிலும் படித்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. அதற்கு அடி விழுந்தது அன்றுதான். இங்கிலிஷில் சில்லறைக்கும் மாற்றுடுப்புக்கும் 'சேஞ்ச்' என்று ஒரே சொல். தமிழில் 'பத்து மாற்று' என்று எழுதிப் பார்த்தேன். தங்கம்போல உடுப்பை உரைகல்லில் உரைத்து விற்கிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டு, 'ஒவ்வொருவருக்கும்' என்ற சொல்லைப் போட மறந்து, 'பத்துச் சோடி உடுப்புப் போதுமானது' என்று எழுதினேன். துண்டுப் பிரசுரமாக அச்சிலும் வந்துவிட்டது.

வெள்ளவத்தையில் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் சோடி என்றால் வேட்டியும் சால்வையும்தான், சேட்டு கணக்கில் வராது என்று சேட்டு மட்டும் முப்பது அடுக்கினார். இன்னொருவர் சோடி என்றால் இரண்டு, ஆகவே இருபது என்றார். கொட்டாஞ்சேனையிலிருந்து தெரேசா ரீச்சரும் புருஷனும் வந்தார்கள். 'ஒவ்வொருவருக்கும்' என்று இல்லாதபடியால் பத்தும் புருஷன் பெண்சாதி என்ற ஒரு சோடிக்கு, ஆகவே ஆளுக்கு ஐந்து என்பது புருஷனின் கட்சி. சீலை, அதற்குப் பொருத்தமான சட்டை, செருப்பு, கைப்பை எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு சோடி, அப்படித் தனக்கு மட்டும் பத்து என்பது ரீச்சரின் கட்சி. எழுதியவன் நான், நானே தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் துண்டுப் பிரசுரத்தைப் பார்த்தேன். அதற்குள் ரீச்சர் சொன்னார்: "சேர், நாங்கள் ரெண்டு பேரும் ஒரு சோடி எண்டு இவர் இண்டைக்குத்தான் வாய் திறந்து சொல்லுறார்; அதுவும் என்ரை சீலையிலை அஞ்சைக் குறைக்க."

பத்து, மூன்று, ஆறு

என் சொந்தப் பெட்டியை வீட்டு விறாந்தையில் திறந்துவைத்தேன். ஊருக்கு எழுதிக் கொடுத்தவன் முதலில் தான் நடக்கவேண்டும் அல்லவா? பத்துச் சோடி, என் கணக்குப்படி வேட்டி பத்து, சேட்டு பத்து, அதற்குமேல் காற்சட்டைகள். பூரணம் தேத்தண்ணீரோடு வந்து நின்று பார்த்தாள். "பத்தோ? இருபத்துநாலு நாளுக்கு இவ்வளவும் ஏன்? அங்கை வீடு கீடு பாத்திருக்கிறியளோ?" என்றாள்.

நியாயம்தான் என்று ஏழைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன். மூன்று சோடி. அடுத்த நாள் கந்தோரால் வந்தபோது அவள் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். அந்த முதல் பயணத்தில் நான் கொண்டுபோனது இரண்டு வேட்டி, இரண்டு சேட்டு. ஆறு மாதத்துக்கு அது போதும் என்று சொன்னவனும் நான்தான், அவள் மறக்கவில்லை. ஆக, நிறைய எடுத்தால் தங்கப் போகிறேன், குறைய எடுத்தால் போன தரம் போலத் தங்கப் போகிறேன். இரண்டுக்கும் நடுவில் ஆறு வைத்துப் பார்த்தேன். அவள் நெடுநேரம் அந்த ஆறையும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதென்ன, போறதோ நிக்கிறதோ எண்டு உங்களுக்கே தெரியாத மாதிரிக் கிடக்கு."

வேண்டாம்

பாரமான பெட்டிகளை ஒரு கிழமை முன்னதாகவே கந்தோருக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அவற்றில் மூன்று விதமான சீட்டு ஒட்டுவோம். ஒன்று, அறைக்குள் வைப்பது. ஒன்று, இடையில் எடுக்கக்கூடிய இடத்தில் வைப்பது. மற்றது கப்பலின் அடியில் போய்ப் படுப்பது; கரை இறங்கும்வரை அதை யாரும் காணமாட்டார்கள். இந்த மூன்றாவது சீட்டில் இங்கிலிஷில் என்ன இருந்ததோ அதையே நான் தமிழில் 'பயணத்தில் வேண்டாம்' என்று அச்சடிக்கக் கொடுத்திருந்தேன். பிழை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுதியிருந்தால் முழுப் புள்ளி.

ஜிந்துப்பிட்டியில் கடை வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாவின் தகரப் பெட்டியில் கூறைச் சேலை, நல்ல நாள் பெரிய நாள் என்றால் கட்ட. கப்பலில் அப்படி நாள் வராது என்று கணவர் அதை அடித்தட்டுக்குக் கொடுத்தார்; நான் சீட்டை ஒட்டினேன். அந்த அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார். புறப்படுகிற வேளையில் 'போறேன்' என்றுகூடச் சொல்லாத சனம் நாங்கள். 'போயிட்டு வாறேன்' என்போம். அப்படிப்பட்ட வேளையில் கல்யாணச் சேலையின் தலையில் நான் 'வேண்டாம்' என்று ஒட்டியிருக்கிறேன். அவர் நகத்தால் அந்தச் சீட்டைச் சுரண்டி எடுத்தார். முழுவதும் எடுபட ஐந்து நிமிஷம் சென்றது. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று பின்னேரம் முழுவதும் இருந்து, மிச்சச் சீட்டுகளில் அச்சடித்ததை வெட்டி என் கையால் 'பிறகு' என்று எழுதினேன். அப்படி எழுதவைத்தது அந்த அம்மா சொன்ன ஒரு வசனம்: "ஏங்க, எங்க மாமியா முப்பது வருசம் என்னையத் திட்டிச்சு, அதுகூட எம் பொட்டியப் பாத்து வேணாம்னு சொன்னதில்ல."

இரண்டு துண்டு

புறக்கோட்டையில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவரும் பெயர் கொடுத்திருந்தார். துண்டுப் பிரசுரத்தை மேசையில் விரித்துவைத்துச் சிரித்தார். அவர் மக்காவுக்குப் போனபோது வீட்டார் மூன்று பெட்டி கட்டிக் கொடுத்தார்களாம். அங்கே தைக்காத வெள்ளைத் துண்டு இரண்டோடு நின்றபோது மனம் எவ்வளவு இலேசாக இருந்தது என்று சொன்னார். ஒரு பெட்டியைப் பூட்டிய திறப்பு எங்கே போனது என்று திரும்பி வந்துதான் தேடினாராம்.

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வீட்டில் போய்ச் சொல்வதற்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது, இரண்டு துண்டு, அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அவருடைய பெட்டிகளை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டேன். வாசலில் நின்ற வண்டியைக் காட்டினார். நாலு பெட்டி இறங்கின, ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தூக்கினார்கள். என் முகத்தைப் பார்த்து அவரே விளக்கம் சொன்னார்: "மக்கத்துக்கு ரெண்டு துண்டோட போய்ட்டு வந்த மனிசன்தான் நான். அங்க ஒருத்தரும் என்ட கடை எங்கேண்டு கேக்கல்ல, தம்பி; சிங்கப்பூர்ல கேப்பாங்க."

பட்டியல் எழுதியவர்

இனி மூலத்தையே கேட்பது என்று பெரிய கிளாக்கரிடம் போனேன். அவர் ஒல்லாந்த வழிவந்த இலங்கைப் பறங்கியர், வேலை நேரத்தில் இங்கிலிஷ், கோபம் வந்தால் சிங்களம். பட்டியலை எழுதியவர் அவர்தான் என்பதால் அவருக்கு எல்லாம் தெரியும் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். பத்து என்பது எப்படி வந்தது, ஏன் ஒன்பது இல்லை, என் நிலைமையில் உள்ளவன் எத்தனை எடுக்கலாம் என்று கேட்டேன். என் நிலைமை என்ன என்றார். சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இராச் சாப்பாட்டுக்குக் கறுப்புக் கோட்டு இல்லாமல் மேசைக்கு விடமாட்டார்கள், அது மட்டும் நிச்சயம் என்றார். மற்றவை? அவர் கொஞ்சம் வெட்கப்பட்டவர் போல் இருந்தார். கடற்காற்றுப் பட்டாலே அவருக்கு வயிறு குமட்டுமாம். அவர் இங்கிலிஷில் சொன்னதை மாற்றாமல் தருகிறேன், மொழிபெயர்ப்பில் எனக்கிருக்கும் பெயரைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்: "ஐசே, நான் போன தரம் பினாங்குவரை ஒரே பைஜாமா, திரும்பி வரும்போதும் அதே பைஜாமா. பட்டியலில் உள்ள மற்றதெல்லாம் நான் ஒருநாளும் போடாதவை, கப்பல் வேலையாள் என் பெட்டியைத் திறந்து பார்த்து நல்லாயிருக்கிறது என்று சொன்னவை."

மச்சானின் கோட்டு

கப்பல் புறப்பட மூன்று நாள் இருந்தது. விறாந்தையில் என் பெட்டி வெறுமையாக வாய் திறந்து கிடந்தது. கறுப்புக் கோட்டையாவது வைப்போம் என்று மலாயாவில் தைத்ததை எடுத்து உதறினேன். முதுகுப்புறம் பூச்சி அரித்து வெளிச்சம் தெரிந்தது. பூரணம் வாங்கிப் பார்த்தாள். ஓட்டைக்குள்ளால் விரலை விட்டு எடுத்தாள். ஹெவ்லொக் டவுனில் இருக்கும் தன் தமையனுக்கு ஆள் அனுப்பினாள்.

என் மச்சானைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் மலாயாவில் இருந்த பதினொரு வருஷமும் பூரணம் அவர் வீட்டில்தான் இருந்தாள். அதைப்பற்றி அவர் என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. ஆனால் பொருள் விஷயத்தில் அவர் வேறு மனிதர். யாழ்ப்பாணத்துக்கு ஒருவர் இரவலாகக் கொண்டுபோன குடையை, கடிதத்துக்கு மறுமொழி வரவில்லை என்று, ரயிலேறிப் போய் வாங்கி வந்தவர். உடுப்பு ஒவ்வொன்றின் கழுத்துப்பட்டியிலும் அழியாத மையில் பெயர் எழுதியிருப்பார். அன்று பின்னேரமே கறுப்புக் கோட்டைத் தானே கொண்டுவந்தார், மெல்லிய கடதாசி சுற்றி, பூச்சி உருண்டை வைத்து.

"எப்ப திரும்புவீர்?" என்று கேட்டார்.

"இருபத்துநாலாம் நாள், மச்சான்."

"கப்பல் பிந்தினால்?"

"ஒரு நாள், ரெண்டு நாள் பிந்தலாம்."

"அப்ப இருபத்தாறு எண்டு வைப்பம்" என்று கடதாசியில் எழுதிக்கொண்டார்.

கோட்டைப் போட்டுப் பார்த்தேன். அவர் வயிற்றுக்குத் தைத்தது; அதற்குள் என்னோடு இன்னொருவர் நிற்க இடம் இருந்தது. இது வேண்டாம், எங்கேயாவது புதிதாகத் தைப்பிக்கிறேன் என்றேன். பூரணம் என்னைச் சுற்றி வந்து, தோளை இழுத்துச் சரிசெய்து, கழுத்துப்பட்டியைத் திருப்பி அங்கே இருந்த பெயரை வாசித்தாள். இரண்டு கிழமையாக நான் காணாத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. தமையனிடம் திரும்பி, வீட்டில் வேறு என்னென்ன கிடக்கிறது, சேட்டு, காற்சட்டை எல்லாம் கொண்டுவரச் சொன்னாள். அவர் தயங்கினார். நானும் தயங்கினேன். அவள் என்னிடம் சொன்னாள்: "அண்டைக்கு உங்களைத் தேடி அண்ணை மலாயாவுக்கு வரேல்லை. தன்ரை கோட்டைத் தேடிக் கட்டாயம் வருவார்."

கறுப்புக் கோட்டு ஒன்று, வெள்ளைக் கோட்டு இரண்டு, காற்சட்டை நாலு, சேட்டு ஆறு, எல்லாம் மச்சானுடையது, கொண்டு போனேன். என்னுடைய உடுப்பு அத்தனையையும் அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைப் பூரணத்திடம் கொடுத்தேன்.